ஒன்பது விநாடி காற்று

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலை, மலேசியாவின் கிழக்குக் கரையில், மெர்சிங்குக்கு வடக்கே உள்ள ஒரு கடற்கரையில் நடந்தது இது. அன்று நான் செய்த காரியம் இதுவரை மூன்று பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேர் அப்போது அங்கேயே இருந்தவர்கள். மூன்றாவது ஆள் என் மனைவி. அவளிடம் வாய் திறக்கவே எனக்குப் பதினாறு நாள் பிடித்தது.

அப்போது எனக்கு வயது எழுபத்தொன்று. குளுவாங்கில் இருக்கிறேன். ரயில்வேயில் முப்பத்து நான்கு வருடம் பெட்டிகளைப் பரிசோதிக்கும் வேலை பார்த்தேன். வண்டி புறப்படும் முன் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் குனிந்து சக்கரம், இணைப்பு, பிரேக் கட்டை எல்லாவற்றையும் பார்த்து, எண்ணி, கையெழுத்துப் போட வேண்டும். நான் சரி என்று சொன்னால்தான் வண்டி நகரும். எண்ணும் பழக்கமும் கவலைப்படும் பழக்கமும் அங்கே ஒட்டிக்கொண்டவை. ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும் இரண்டும் போகவில்லை.

எனக்கு ஒரே மகள். வயது முப்பத்தொன்பது. ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் வீடு, எல்லை தாண்டி சிங்கப்பூரில் விமானங்களைப் பழுது பார்க்கும் இடத்தில் வேலை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் லீவு கிடைத்தால் போதும், மெர்சிங் பக்கம் போய்விடுவாள். அங்கே இரும்புக் குழாயில் செய்த மூன்று சக்கர வண்டி ஒன்றில் உட்கார்ந்து, பெரிய பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு, அது இழுக்கிற இழுப்பில் கடற்கரையோரம் பறப்பாள். வண்டிக்கு இன்ஜின் இல்லை. இருக்கை தரையிலிருந்து ஒரு சாண் உயரம். முன்சக்கரத்தைக் கால்களால் திருப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு பிரேக் இல்லை. இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் போனது. வாழ்நாள் முழுக்க பிரேக் பார்த்தவனின் மகள் பிரேக் இல்லாத வண்டி ஓட்டுகிறாள்!

அந்தப் பொங்கலுக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது, நேரே கடற்கரைக்குத்தான் போகிறேன் என்றாள். என் மனைவிதான் என்னையும் காரில் ஏற்றிவிட்டாள்.

"நீங்களும் போய் கண்ணால பாத்துட்டு வாங்க. இல்லாட்டி இங்க உக்காந்துகிட்டு அவளுக்கு நாப்பது தடவ போன் பண்ணுவீங்க."

நாற்பது அல்ல. அதிகபட்சம் ஒரு நாளைக்குப் பதினொன்றுதான் செய்திருக்கிறேன்.

கடற்கரையில் எங்களுக்காக ஒரு மலாய்க்காரர் காத்திருந்தார். மெர்சிங்கில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், ஐம்பதை ஒட்டிய வயது. அந்த வண்டியைச் செய்து கொடுத்தவர் அவர்தான். பட்டம் ஏற்றும்போது கூடமாட உதவுவாராம். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் என் கையைப் பற்றி, "பாக்சிக், வாங்க வாங்க" என்று மலாயில் வரவேற்றார். பாக்சிக் என்றால் மாமா.

நீர் வற்றியிருந்த நேரம். மணல் சிமெண்டுத் தரைபோல் இறுகிப் பளபளவென்று கிடந்தது. சவுக்கு மரங்களிலிருந்து தண்ணீர் வரை நடந்து பார்த்தேன், நூற்று அறுபது காலடி. ஐந்நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கொடிகள் நட்டிருந்தார்கள். அதையும் நடந்து பார்த்தேன். என் காலடிக்கு அறுநூற்று எழுபது வந்தது. சரியாகத்தான் அளந்திருந்தார்கள். இரண்டு கொடிகளுக்கும் இடையில் மணிக்கு எண்பது கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும் என்பது மகளின் ஆசை. அதற்கு இருபத்திரண்டரை விநாடிக்குள் கடக்க வேண்டும்.

தரையில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் துணிப் பட்டம்தான் வைத்துக்கொள்வார்களாம். மகள் கொண்டு வந்திருந்தது காற்றடைக்கும் பட்டம். கடலில் பலகை மேல் நின்று சறுக்குகிறவர்கள் பயன்படுத்துவது. முன்விளிம்பு நெடுக என் தொடைப் பருமனில் ஒரு குழாய், அதிலிருந்து பின்னோக்கிப் போகும் ஐந்து சிறிய குழாய்கள். எல்லாவற்றிலும் பம்பால் காற்றடித்தால் ஒரு பெரிய வளைந்த இறக்கைபோல் நிமிர்ந்து நிற்கிறது.

"துணிப் பட்டம் இந்தக் காத்துல உதறும்ப்பா, சுருங்கிக்கும். இது அப்படியே விறைப்பா நிக்கும். உருவம் மாறாம இருந்தாத்தான் வேகம் கிடைக்கும். இழுப்பு ஜாஸ்தியானா, கயிறு கட்டியிருக்கிற இந்தக் கைக்கட்டைய தள்ளிவிட்டு கொறச்சிக்கலாம். அதான் இது சேஃப் லா."

அதில் ஒரு சங்கடம் மட்டும் உண்டு. சிப்பி கிழித்தால் குழாய் போய்விடும். அதனால் பட்டம் விரிக்கும் இடத்தில் கிடந்த சிப்பிகளைப் பொறுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இருநூற்றுப் பதின்மூன்று பொறுக்கினேன். பம்பு அடிக்கும் வேலையும் எனக்கே வந்தது. பம்பின் மேலிருந்த மீட்டரில் முள் ஏழில் நிற்க வேண்டும் என்றாள். ஐம்பத்தெட்டு அடியில் ஏழுக்கு வந்தது. அவள் குழாயை நகத்தால் சுண்டினாள். மிருதங்கத்தைத் தட்டியதுபோல் 'டங்' என்றது. காற்றடிக்கும் துளைக்குள் ஒரு சிறு நாக்கு இருப்பதையும், அதை விரலால் அழுத்தினால் காற்று இறங்கும் என்பதையும் எனக்குக் காட்டினாள். பெரிய மனசோடு காட்டினாள், பாவம்.

பட்டறைக்காரர் பட்டத்தைத் தூக்கிப் பிடித்தார். இருபது மீட்டருக்கும் அதிக நீளமான நான்கு கயிறுகளின் மறுமுனையில், கயிறுகளைத் தன்னோடு இணைக்கும் இடுப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு மகள் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். கையைக் காட்டினாள். அவர் விட்டார். பட்டம் ஒரு சத்தமும் இல்லாமல் மேலே ஏறியது. அடுத்த கணம் வண்டி நகர்ந்தது.

நகர்ந்தது என்று எழுதுகிறேன், ஆனால் அது சரியான சொல் அல்ல. ரயிலை நான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு பெரிய இன்ஜினாக இருந்தாலும் முதலில் முனகும், இணைப்புகள் ஒவ்வொன்றாக இழுபடும், பிறகுதான் வேகம் வரும். இதற்கு முனகலே இல்லை. மேலே கயிறுகள் விசில் அடித்தன. கீழே சக்கரங்கள் ஈர மணலை 'ஸ்ஸ்ஸ்' என்று சீவின. அவ்வளவுதான். மகள் கடல் பக்கமாகச் சாய்ந்து, முதுகு ஏறக்குறைய தரையைத் தொடும் அளவுக்குப் படுத்திருந்தாள். என் கடிகாரத்தில் இருபத்தாறு விநாடி. ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். நான் பார்த்து அனுப்பிய சரக்கு வண்டிகள் பல இந்த வேகத்தைத் தொட்டதில்லை. கண்ணுக்குத் தெரியாத காற்று, உள்ளே அடைத்த காற்றைப் பிடித்து, என் மகளை இழுத்துக்கொண்டு போகிறது. வாயைத் திறந்தபடி நின்றிருந்தேன். பல்லில் மணல் கடிபட்ட பிறகுதான் மூடினேன்.

அத்தோடு முடித்திருந்தால் சந்தோஷமாக வீடு திரும்பியிருப்பேன். அவளோ முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்து, காற்று ஏறுகிறது, அடுத்த ஓட்டத்தில் எண்பது என்றாள்.

"எழுபது போதாதாம்மா?"

"அப்பா, உங்க ரயிலே எழுபதுல போனா லேட்டுன்னு திட்டுவாங்க."

"ரயிலுக்கு பிரேக் இருக்கு."

"ஐயோ, அலமாக், மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு!"

பட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, பறந்துவிடாமல் அதன் மேல் மணலை அள்ளி வைத்துவிட்டு, அவளும் பட்டறைக்காரரும் பின்சக்கரத்து நட்டை இறுக்குவதற்காக வண்டியைத் தள்ளிக்கொண்டு கார் பக்கம் போனார்கள். பட்டத்துக்குக் காவலாக நான் மட்டும் இருந்தேன். காற்று ஏறிக்கொண்டே இருந்தது. சவுக்கு மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைந்தன. அவள் விழுவதுபோல் மனதில் ஓடியது. ஒரு தடவை அல்ல.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதை விளக்க வேண்டும். ரயிலில் பெட்டிக்குப் பெட்டி ஒரு குழாய் ஓடும். அதில் அடைத்த காற்று இருக்கும் வரைதான் சக்கரங்கள் சுதந்திரமாக உருளும். காற்றை இறக்கினால் பிரேக் பிடித்துக்கொள்ளும். குழாய் அறுந்தாலும்கூட வண்டி தானாக நின்றுவிடும். ஆகவே, காற்றை இறக்குவது என்றால் என் புத்தியில் வேகம் குறைவது, ஆபத்து விலகுவது. அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

குனிந்து காற்றடிக்கும் துளையின் மூடியைத் திறந்தேன். அந்தச் சிறு நாக்கை விரலால் அழுத்தினேன். காற்று விரலில் குளிர்ச்சியாக அடித்தது. ஒன்பது எண்ணும் வரை விட்டேன். மூடினேன். கொஞ்சம் மெதுவாகப் போவாள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். மனதில் அப்படி ஒரு நிம்மதி.

அவர்கள் திரும்பி வந்தார்கள். மகள் நேரே கயிற்றின் மறுமுனைக்குப் போய் வண்டியில் உட்கார்ந்தாள். பட்டறைக்காரர் மணலைத் தட்டிவிட்டுப் பட்டத்தை நிமிர்த்தினார். குழாயைக் கையால் அமுக்கிப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"பாக்சிக், காற்றைப் பார்த்தீர்களா? சரியாக இருக்கிறதா?" என்று மலாயில் கேட்டார்.

"இப்பத்தான் பார்த்தேன். சரியாக இருக்கிறது" என்றேன்.

முப்பத்து நான்கு வருடத்தில், பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று நான் சொன்னதில்லை. பழுதான ஒன்றைச் சரி என்று சொன்னதில்லை. அன்று சொன்னேன். பம்பு அடித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் பட்டத்தை விட்டார்.

முதல் கொடியைத் தாண்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. தாண்டியதும் பலமாக ஒரு காற்று வந்தது. விறைப்பாக இருந்திருந்தால் பட்டம் அதைத் தாங்கியிருக்கும். தளர்ந்த குழாய் நடுவில் மடங்கியது. இரண்டு முனைகளும் ஒன்றை ஒன்று நோக்கி வந்து, புத்தகம் மூடுவதுபோல் மூடிக்கொண்டன. கயிறுகள் தொய்ந்தன. வேகம் குறைகிறது என்று நான் நினைத்த அந்த நொடியில், தரைக்கு மிக அருகே பட்டம் 'படீர்' என்று மீண்டும் விரிந்தது. அடுத்து நடந்ததை எண்ண எனக்கு நேரமில்லை. வண்டி ஒருக்களித்தது. மகள் இருக்கையிலிருந்து பிடுங்கப்பட்டு, சவுக்கு மரங்களை நோக்கி மணலில் இழுபட்டுப் போனாள். பிறகு ஏதோ அறுந்ததுபோல் பட்டம் துவண்டு, ஒற்றைக் கயிற்றில் கொடிபோல் படபடத்தது. ஆபத்துக்கென்று இருக்கும் சிவப்புப் பிடியை அவள் தள்ளிவிட்டிருக்கிறாள்.

நான் ஓடினேன். கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை. பட்டறைக்காரர் என்னை முந்திக்கொண்டு போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து மணலைத் துப்பிக்கொண்டிருந்தாள். இடது முழங்கை தோலுரிந்து ரத்தம் கசிந்தது. ஹெல்மெட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கீறல். முதல் மரம் அங்கிருந்து நாற்பத்து நான்கு காலடி. பிறகு நடந்து பார்த்தேன்.

"பட்டத்துக்கு என்ன ஆச்சு?" அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

தோளை அசைத்துப் பார்த்தாள், எழுந்து நடந்து பார்த்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. காயத்தைக் கழுவிக் கட்டிக்கொண்டு நேரே பட்டத்தின் முன் மண்டியிட்டாள். குழாயை அமுக்கினாள். மெத்தென்று உள்ளே போனது. எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று தேடத் தொடங்கினாள். ஒரு முனையிலிருந்து விரல் விரலாகத் தடவி, ஈரக் கையை வைத்து, காதை வைத்துக் கேட்டு. பட்டறைக்காரர் மறுமுனையிலிருந்து தேடினார். அவர் என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் பற்றி வாயே திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அது எனக்கு அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

ஓட்டை இல்லை. மகள் பின்னுக்கு உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தாள்.

"என் தப்புதான். போறதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி சுண்டிப் பாத்திருக்கணும். வேலையில இப்படி விட்டேன்னா என்னைத் தூக்கிருவாங்க."

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. "நான்தாம்மா காத்த இறக்கினேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். ரயில், குழாய், பிரேக் என்று என்னென்னவோ உளறினேன். பட்டறைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் கை செய்துகாட்டியதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடமும் மலாயில் சொன்னேன், பொய் சொல்லிவிட்டேன் என்று. அவர் என் முதுகை லேசாகத் தட்டிவிட்டு, வண்டியை நிமிர்த்தப் போய்விட்டார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எத்தன செகண்ட் விட்டீங்க?"

"ஒன்பது."

"ஒன்பதா!" சிரிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது, ஆனால் கண் கலங்கியிருந்தது. "அப்பா, பயமா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ நின்னிருப்பியா?"

"நின்னிருக்க மாட்டேன். ஆனா இன்னொரு தடவ எல்லாத்தையும் பாத்திருப்பேன்."

தேநீர் குடித்தாள், ரொட்டி தின்றாள். முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து, கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். வண்டியின் மூன்று சக்கரங்களையும் தூக்கிச் சுழற்றினாள். நீர் ஏறத் தொடங்கிவிட்டது, இன்னும் ஒரே ஓட்டத்துக்குத்தான் இடம் இருக்கும் என்றாள். பிறகு பம்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றேன். இந்த முறை சொல்லிவிட்டேன்.

"எனக்குந்தான்ப்பா" என்றாள். "பயம் இல்லாட்டி நான் எதுக்கு ஒவ்வொண்ணையும் நாலு தடவ இழுத்துப் பாக்கிறேன்?"

அவள் பயப்படுவாள் என்பது முப்பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. துணிச்சல்காரி, அசட்டுத் துணிச்சல்காரி என்றே நினைத்து வந்தேன். தினமும் ஒரு பெட்டியைக்கூட விடாமல் குனிந்து பார்த்தேனே, அதுவும் பயத்தால்தானே? அவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். நான்தான் கவனிக்கவில்லை.

பம்பை வாங்கி அடித்தேன். முள் ஏழில் நின்றது. அவள் சுண்டினாள், பட்டறைக்காரர் சுண்டினார், பிறகு என்னையும் சுண்டச் சொன்னார்கள். மூன்று முறையும் 'டங்' என்றது. "நீங்களே பிடிங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் கயிற்றின் மறுமுனைக்குப் போனாள். பட்டறைக்காரர் பக்கத்தில் நின்று எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். பட்டத்தை நிமிர்த்தியதும் அது என் கைக்குள் துடித்தது. கட்டை அவிழ்க்கக் காத்திருக்கும் காளையின் கழுத்தைக் கட்டிப் பிடித்திருப்பது போல இருந்தது. தூரத்தில் மகள் கையைத் தூக்கினாள். நான் விட்டேன்.

அடுத்து நான் கண்டதை என்னால் முழுதாக எழுத முடியாது. ஏறி வரும் அலை மணலின் மேல் மெல்லிய ஒரு படலமாய்ப் பரவி, கரை நெடுகக் கண்ணாடி விரித்ததுபோல் கிடந்தது. அதன் மேல் அவள் போனாள். வானத்தில் ஒரு பட்டம், தரைக்குள் ஒரு பட்டம், இரண்டுக்கும் நடுவில் என் மகள். பின்சக்கரங்கள் இரண்டும் தண்ணீரை விசிறிபோல் எழுப்பின. ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பியது, மறுபடியும் இறங்கியது. பலமான காற்று வந்தபோது பட்டம் மடங்கவில்லை. அந்தக் காற்றை அப்படியே வாங்கி வேகமாக்கிக்கொண்டது. கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். என் காலுக்குக் கீழே மணல் அரித்துப் போனதுகூடத் தெரியவில்லை. இத்தனை காலம் வேகம் என்றால் அது அடக்க வேண்டிய ஒன்று என்றுதான் எண்ணியிருந்தேன். அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பட்டறைக்காரர் பக்கத்தில் நின்று ஏதோ முணுமுணுத்தார், பிரார்த்தனையாக இருக்கலாம். நானும் முணுமுணுத்தேன்.

இருபத்து மூன்று விநாடி. எழுபத்தெட்டு கிலோமீட்டர். இரண்டு குறைவு.

அவள் வண்டியைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். அடிபட்ட கையைத் தூக்க முடியாமல் மற்றக் கையை ஆட்டினாள். கணக்கைச் சொன்னதும், "சே, ரெண்டுதானா!" என்று மணலில் மல்லாந்து படுத்துவிட்டாள். அந்த எண்பதை அவள் இதுவரை தொடவில்லை. ஒவ்வொரு பருவக்காற்றுக்கும் போய் முயன்றுகொண்டிருக்கிறாள்.

அவள் போகும் நாட்களில் எனக்கு இப்போதும் பயம் போகவில்லை. காலையில் ஒரு முறை போன் செய்து, "பயமா இருக்கும்மா" என்று சொல்லிவிடுவேன். "சரிப்பா, பாத்துக்கிறேன்" என்பாள். அவளைக் காப்பது அவளுடைய பயம்தான். என் பயத்தை அவள் காதில் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் ஒரு தகப்பன் செய்யக்கூடிய மிகக் கடினமான வேலை என்பதை, வாழ்நாள் முழுக்க மற்றவர் பாதுகாப்புக்குக் கையெழுத்துப் போட்ட நான், எழுபத்தொரு வயதில்தான் கற்றுக்கொண்டேன்.